சிட்டுவின் இரட்டைப் பின்னல்

ஜூன் 9

பராமரிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகள் சிட்டு உங்கள் இல்லத்தில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. நான் போனில் பேசினால் குரல் எங்கிருந்து வருகிறதென்று கட்டிலுக்கடியிலும் அலமாரிக்குள்ளும் என்னைத் தேடுகிறாள், கிடைக்காமல் போனதும் தன் கையைக் கடித்துக்கொள்கிறாள் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். கேட்டதும் அழுதுவிட்டேன். என்னைத் தேடுகிறாளே என்று ஒரு ஓரத்தில் சந்தோஷமாகவும் இருந்தது. இனிமேல் போன் வேண்டாம். நான் எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள். அலுவலகத்திலிருந்து வரும் அச்சடித்த தாள் எனக்குப் போதாது. 'உண்டார், உறங்கினார், குளித்தார்' என்று யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம். என் வீட்டுக்காரரைப் பற்றிக்கூட எழுதலாம்.

அவளுக்கு வயது இருபத்தொன்பது. ஆட்டிசம், அதோடு மூளை வளர்ச்சியும் குறைவு என்று டாக்டர்கள் எழுதியதைப் படித்திருப்பீர்கள். அவர்கள் எழுதாததை நான் சொல்கிறேன். மொத்தமே பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான் பேசுவாள். சட்டைக் கழுத்தில் கம்பெனிச் சீட்டு உறுத்தினால் சட்டையையே கிழித்துவிடுவாள். அதனால் அவள் துணி எல்லாம் நான் தைத்தது. தையல்தான் என் தொழில். காய்கறி தொடமாட்டாள், முயற்சி பண்ணி நேரத்தை வீணாக்காதீர்கள். பித்தான் போடத் தெரியாது, நீங்கள்தான் போட்டுவிட வேண்டும். காலையில் தலை வாரி இரட்டைப் பின்னல் போட வேண்டும். வாரும்போது அழுவாள், கத்துவாள். அது சின்ன வயசிலிருந்து அவள் வழக்கம். காதில் போட்டுக்கொள்ளாமல் பின்னி முடித்துவிடுங்கள். இடுப்பைத் தொடும் முடி, நான் வளர்த்தது.

இதற்கு முன்னால் அவளை வேறொரு இடத்தில் ஆறு மாதம் விட்டிருந்தோம். போகும்போதெல்லாம் வேறு யாருடைய உடுப்பிலோ டி.வி. எதிரில் உட்கார்ந்திருப்பாள். மாத்திரை கொடுத்துக் கொடுத்து வாயோரம் எச்சில் வழியும். "ரொம்ப அமைதியா இருக்காங்கம்மா" என்று பெருமையாகச் சொன்னார்கள். அன்றே கூட்டி வந்துவிட்டேன். இப்போது எனக்கு முதுகில் ஆபரேஷன் ஆகிவிட்டது; அவள் தரையில் விழுந்து அடம்பிடித்தால் என்னால் தூக்க முடியாது. அவள் அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கூப்பிட்டால் வருவார், ஆனால் அடுத்த ஸ்டாப்பில்தான் நிற்பார். வேறு வழியில்லாமல்தான் உங்களிடம் விட்டிருக்கிறேன். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சிட்டுவின் அம்மா

*

ஜூன் 16

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். சிட்டு நலம். என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலோரக் கட்டிலை அவளே பிடித்துக்கொண்டாள். துணி துவைக்கும் மெஷின் ஓடும்போது அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். கடைசிச் சுற்றில் அது அதிரும்போது அவளும் சேர்ந்து சிரிக்கிறாள். சமையற்காரரோடு ஒரு சண்டை போட்டாள், மறுநாளே ராசியாகிவிட்டார்கள்.

எங்கள் இல்லத்தில் ஒரு பழக்கம் உண்டு. எதைச் செய்வதற்கு முன்னாலும் அவர்கள் எதிரில் இரண்டை வைப்போம். இரண்டு சட்டை, இரண்டு டம்ளர், பேச முடியாதவர்களுக்கு இரண்டு படம். எதைத் தொடுகிறார்களோ அதுதான் முடிவு. தொடும்வரை நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது. சிட்டு யோசிக்கிற நேரத்தில் பால் ஆறிப்போகும். ஆறினால் மறுபடி சூடு பண்ணுவோம், அவ்வளவுதானே.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. சமையற்காரர் கேரட் துருவுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் துருவியை அவள் கையில் கொடுத்தார். முழுக் கேரட்டையும் துருவி, துருவியதை அங்கேயே நின்று தின்று முடித்தாள்! இப்போது தினமும் ஒன்று. மேல் பித்தான் இரண்டையும் அவளே போடுகிறாள். கால் மணி நேரம் ஆகிறது. ஆகட்டும், நாங்கள் எந்த ரயிலைப் பிடிக்க வேண்டும்?

ஒளிக்காமல் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரவில் ஒன்பது பேருக்கு ஒரே ஆள்தான். இன்னொருவர் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எங்களுக்கு வாய் வலிக்கிறது. நீங்களும் நிர்வாகத்துக்கு எழுதினால் நல்லது. பெற்றவர்கள் கேட்டால் கொஞ்சம் அசைவார்கள்.

அன்புடன்,
உங்கள் சிட்டுவை, எங்கள் சிட்டுவைப் பார்த்துக்கொள்கிறவள்

*

ஜூலை 2

பராமரிப்பாளருக்கு,

இரவு ஆள் விஷயமாக நிர்வாகத்துக்கு எழுதிவிட்டேன். நான்கு பக்கம். படித்தவர்களுக்கு அன்று சோறு இறங்கியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வந்துபோனதைப் பார்த்தீர்கள். உண்மையைச் சொல்கிறேன், நான் குறை கண்டுபிடிக்கத்தான் வந்தேன். அவள் காதுக்குப் பின்னால் பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன், கழுத்தை முகர்ந்தேன். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தேன், முதுகு வலித்ததுதான் மிச்சம். குளியலறையில் வழுக்குகிறதா என்று காலால் தேய்த்துப் பார்த்தேன். அவள் உடுப்பு அவள் மேலேதான் இருந்தது. பேருக்குக்கூட ஒரு குறை கிடைக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். "அந்தப் பொண்ணு நல்லாத்தான் பாத்துக்குது. உனக்கு என்ன வந்துச்சு இப்ப?" என்று அவள் அப்பா கேட்டார். எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்ற அவரைவிட்டால் ஆள் கிடையாது.

எனக்கு என்ன வந்தது என்று சொல்கிறேன். இருபத்தொன்பது வருஷமாக அந்தக் கேரட்டை வேகவைத்து, மசித்து, சோற்றுக்குள் ஒளித்து, கெஞ்சி, கொஞ்சி, அடித்தும்கூடப் பார்த்திருக்கிறேன். துப்பினாள். உங்கள் சமையற்காரர் துருவியைக் கையில் கொடுத்தாராம், தின்றாளாம். நல்லது. மிக நல்லது. அன்று இரவு என் வீட்டுச் சமையலறையில் இருந்த துருவியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

கிளம்பும்போது நான் அவள் சட்டைப் பித்தானைப் போடக் கை நீட்டினேன். தோளை உதறிக்கொண்டு அவளே போட்டாள். போட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற என்னை விட்டு, கதவோரம் நின்ற உங்களிடம் ஓடி "பாரு" என்றாள். அந்த "பாரு"வை அவளுக்குக் கற்றுக்கொடுக்க எனக்கு மூன்று வருஷம் ஆனது. நான் சம்பாதித்துக் கொடுத்ததை அவள் உங்களிடம் கொண்டுவந்து செலவழிக்கிறாள்.

இன்னொன்று. 'எங்கள் சிட்டு' என்று எழுதியிருந்தீர்கள். அவள் எங்கள் சிட்டு. கடிதத்தின் கீழே 'இல்லப் பணியாளர்' என்று போட்டால் போதும்.

இப்படிக்கு,
சிட்டுவின் அம்மா

*

ஜூலை 13

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

நீங்கள் சொன்னது சரிதான், இனி அப்படி எழுத மாட்டேன்.

இன்று நான் எழுதப்போவது உங்களுக்குப் பிடிக்காது. நேரில் பார்த்து அதிர்ச்சி அடைவதைவிட முன்னால் தெரிந்துகொள்வது நல்லது என்று எழுதுகிறேன்.

காலையில் சிட்டு கத்துவது நிற்கவில்லை, இப்போது சுவரில் தலையையும் மோதுகிறாள். வாரம் ஒருமுறை வருகிற டாக்டர் அதைக் கேள்விப்பட்டு மாத்திரை எழுத உட்கார்ந்துவிட்டார். நீங்கள் சொன்ன அந்த எச்சில் எனக்கு ஞாபகம் வந்தது. "டாக்டர், ஒரு வாரம் டைம் குடுங்க, ஏன் கத்துறான்னு பாத்துச் சொல்றேன்" என்றேன். அவருக்கு முகம் சுருங்கியது. ஆனால் பேனாவை மூடினார்.

பார்த்தோம். சிட்டு வேறு எந்த நேரத்திலும் அப்படிக் கத்துவதில்லை. சீப்பை எடுத்தால் ஆரம்பிக்கிறாள், பின்னல் முடிந்தால் நிற்கிறாள். ஒருநாள் வாராமல் விட்டோம், சத்தமே இல்லை. அம்மா, அவளுக்குச் சட்டைச் சீட்டு உறுத்துவதுபோலத்தான் இதுவும். சீப்பு தலையில் இழுபடுவது நமக்கு வெறும் இழுப்பு. அவளுக்கு அது வலி.

நீண்ட முடிக்கு ஒரு படமும் குட்டை முடிக்கு ஒரு படமும் எதிரில் வைத்தோம். குட்டையைத் தொட்டாள். படங்களை இடம் மாற்றி வைத்தோம், மறுநாளும் வைத்தோம், அதையேதான் தொட்டாள். நேற்று முடிவெட்டுகிறவரை வரவழைத்தோம். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு தலையைத் தடவிக்கொண்டு கூடம் முழுக்கச் சுற்றிச் சுற்றி நடந்தாள். இன்று காலை அழவில்லை. மாத்திரைப் பேச்சும் இல்லை.

பின்னலை ஒரு துணியில் சுற்றி உங்களுக்காக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இல்லப் பணியாளர்

*

ஜூலை 17

யாரைக் கேட்டு வெட்டினாய்?

அவளைக் கேட்டாயாம்! எனக்கு ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை. வெட்டிய பிறகு எழுத மட்டும் வந்தது. அது என்ன முடி என்று உனக்குத் தெரியுமா? காலையில் அவளை முழங்காலுக்கிடையில் உட்காரவைத்துப் பின்னுகிற அந்த ஒரு நேரம்தான் அவள் என்னைத் தொட விடுகிற நேரம். கட்டிப்பிடித்தால் விலகுகிற பெண், முத்தம் கொடுத்தால் துடைக்கிற பெண். அந்தப் பின்னலில்தான் நான் அவளுக்கு அம்மாவாக இருந்தேன். அதை அறுத்து எடுத்துவிட்டுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறாயாம்.

அது அவளுக்கு வலி என்று எழுதுகிறாய். அப்படியென்றால் இத்தனை வருஷமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்கிறாய்? நேற்று வந்த ஆயா, பெற்றவளுக்குப் பாடம் சொல்கிறாள். குழந்தை பெற்றிருக்கிறாயா நீ?

சனிக்கிழமை வருகிறோம். அவள் பெட்டியைக் கட்டி வை. என் முதுகு ஒடிந்தாலும் பரவாயில்லை, என் பெண் என் வீட்டில் இருப்பாள்.

சிட்டுவின் அம்மா

*

ஜூலை 27

அம்மாவுக்கு,

நீங்கள் படிப்பீர்களா என்று தெரியவில்லை. படிக்காவிட்டாலும் எழுதுகிறேன்.

தப்பு என்னுடையது. முடிவு சிட்டுவுடையதாக இருக்கலாம். வெட்டுவதற்கு முன்னால் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் கொடுத்த ஒரு வாரம் ஓடிக்கொண்டிருந்தது என்று அன்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நிஜக் காரணம் வேறு. நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்கள் என்று பயந்தேன். இல்லத்தில் இருப்பவர்களிடம் கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும் என்று மற்றவர்களுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். உங்கள் முன்னால் நான் இரண்டை வைக்கவில்லை.

எனக்குக் குழந்தை இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், கோபத்தில் அல்ல.

நீங்கள் பொறாமை பற்றி எழுதவில்லை, ஆனால் உங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் அதுதான் இருந்தது. என்னுடையதையும் கேளுங்கள். நீங்கள் வருவதாக இருந்த ஞாயிறு அன்று சிட்டு விடிந்ததிலிருந்து வாசலில் நின்றாள். குளிக்க வைத்தவள் நான், சோறு போட்டவள் நான், இரவு காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவள் நான். உங்கள் செருப்புச் சத்தம் கேட்டதும் என் கையை உதறிவிட்டு ஓடினாள். சனிக்கிழமை நீங்கள் கூட்டிப் போனபோது கேட் வரைக்கும் வந்தேன். ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அன்று ஜன்னலோரக் கட்டிலில் விரிப்பை மாற்றும்போது உங்கள்மேல் அவ்வளவு எரிச்சல் வந்தது. பெற்றுவிட்டால் போதுமா, எதுவுமே செய்யாமல் அத்தனையும் கிடைத்துவிடுமா என்று மனதுக்குள் திட்டினேன். எதுவுமே செய்யாமல் என்பது பொய், எனக்கே தெரியும்.

சமையற்காரர் தினமும் ஒரு கேரட்டை எடுத்து வைத்துவிட்டு, பிறகு ஞாபகம் வந்து உள்ளே வைக்கிறார். கட்டிலை இந்த மாதத்துக்குப் பிறகு காலியாக வைத்திருக்க முடியாது என்கிறது நிர்வாகம். காத்திருக்கிறவர்கள் நிறைய. ஆகஸ்ட் கடைசிவரை நான் அவகாசம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

உங்கள் முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் தரையில் விழுந்தால் தூக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், எழுந்துவிடுவாள்.

இப்படிக்கு,
இல்லப் பணியாளர்

*

ஆகஸ்ட் 11

அம்மாவுக்கு,

பதில் இல்லை. நான் வற்புறுத்தவில்லை. கட்டிலைப் பார்க்க ஒரு குடும்பம் வந்துபோனது. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அவளைத் திரும்பக் கூட்டி வந்தாலும் என்னை மட்டும் நம்பி விடாதீர்கள். எனக்கும் வயதாகிறது, எனக்கும் முதுகு இருக்கிறது, நாளை என்னை வேறு இல்லத்துக்கு மாற்றினால் போக வேண்டியதுதான். நான் என்றைக்கும் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தால் அது பொய்.

இரவுக்கு இரண்டாவது ஆள் வந்துவிட்டார். உங்கள் நான்கு பக்கம் வேலை செய்திருக்கிறது.

இப்படிக்கு,
இல்லப் பணியாளர்

*

ஆகஸ்ட் 22

தங்கச்சிக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. முதல் கடிதத்தைப் படிக்காமல் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் போட்டேன். பிறகு நூல் எடுக்கப் போகிறவள்போல் போய்ப் படித்தேன். அவள் அப்பா பார்த்துவிட்டார். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். அந்த மனிதர் சரியான ஸ்டாப்பில் நின்றது அன்றைக்குத்தான்.

முதல் வாரம் நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். ஊட்டினேன், உடுத்தினேன், குளிப்பாட்டினேன். ஊட்டினால் வாயை மூடிக்கொண்டாள். பித்தானைப் போட்டால் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தானே போட்டாள். என் கை சும்மா இருக்க முடியாமல் துடித்தது. அவளுக்கு நான் செய்ய என்னதான் மிச்சம் இருக்கிறது என்று நினைத்தபோது உன்மேல் வந்த எரிச்சலை இந்தத் தாளில் எழுதினால் தாள் கருகிவிடும்.

பிறகு ஒரு காலையில், முடி கொஞ்சம் வளர்ந்திருக்கிறதே, படியவாவது வாரலாம் என்று சீப்பை எடுத்தேன். சும்மா எடுத்தேன், அருகில்கூடப் போகவில்லை. இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு மூலையில் போய் ஒண்டினாள். விரல் நீளம்கூட இல்லாத முடி. அந்த மூலையில் அவள் ஒண்டி நின்ற மாதிரி, ஐந்து வயதில் நின்றிருக்கிறாள், பதினைந்தில் நின்றிருக்கிறாள். நான் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்துப் பின்னியிருக்கிறேன். எனக்கு அது கொஞ்சல். அவளுக்கு அது என்னவாக இருந்தது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் அழுததைப் பார்த்து அவள் சீப்பை எடுத்துப் போய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்தாள். அவளைப் பொறுத்தவரை காரியம் முடிந்தது.

மறுநாள் என் அலமாரியைத் திறந்து என் உடுப்பில் நீலம் ஒன்றும் பச்சை ஒன்றும் எடுத்து வந்து என் எதிரில் வைத்தாள். வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். "ஏதோ ஒண்ணு குடுடி" என்றேன். அசையவில்லை. அடுப்பில் பால் பொங்கியது, அசையவில்லை. எனக்கு எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை தங்கச்சி. கல்யாணத்தில்கூட என்னை யாரும் இப்படிக் கேட்டுவிட்டுக் காத்திருந்ததில்லை. கடைசியில் பச்சையைத் தொட்டேன். சிரித்தாள்.

இதை நீ கற்றுக்கொடுத்தாய். நான் கொடுக்காததை நீ கொடுத்திருக்கிறாய். நன்றி என்று எழுதப் பேனா போகிறது, பின்னாலேயே பொறாமையும் வருகிறது. இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்.

போன வாரம் அவள் குளியலறையில் விழுந்தாள். நீ சொன்னபடி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் எழுந்துவிட்டாள், என்னால்தான் எழ முடியவில்லை. அவள் அப்பா வந்து தூக்கும்வரை ஈரத் தரையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் முடிவு செய்தேன். திங்கட்கிழமை கூட்டி வருகிறோம். கட்டிலை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே. இந்த முறை பெட்டியை அவளே அடுக்கினாள். உள்ளே என்ன இருக்கிறதென்று நான் பார்க்கவில்லை. பித்தான் வைத்த சட்டையாகவே ஆறு தைத்திருக்கிறேன், பெரிய பித்தானாக.

உன்னை மட்டும் நம்பி விடவேண்டாம் என்று எழுதியிருந்தாய். படித்ததும் சுருக்கென்றது. ஆனால் அதைச் சொன்னதால்தான் நம்புகிறேன். அவள் உன்னோடு மட்டும் ஒட்டிக்கொள்ள வேண்டாம். சமையற்காரரோடு ஒட்டிக்கொள்ளட்டும். புதிதாக வந்த இரவு ஆளோடு ஒட்டிக்கொள்ளட்டும். நாளைக்கு உன் இடத்துக்கு வருகிறவள் யாரோ, அவளோடும் ஒட்டிக்கொள்ளட்டும். அத்தனை பேரிடமும் ஓடிப்போய் "பாரு" என்று சொல்லட்டும். எனக்கு அத்தனை பேர் மேலும் வயிறு எரியும். எரியட்டும்.

யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். அவள் பிறந்து, டாக்டர் சொல்லி, எனக்குப் புரிந்த நாளிலிருந்து தினமும் நான் சாமியிடம் கேட்டது ஒன்றுதான்: எனக்கு ஒரு நாள் முன்னால் அவளை எடுத்துக்கொள். பெற்றவள் கேட்கிற வரமா அது? ஆனால் எனக்குப் பிறகு அவளுக்கு யார் என்ற கேள்விக்கு வேறு பதில் எனக்குத் தெரியவில்லை. நேற்று விளக்கேற்றிக் கும்பிட்டேன். உன் முதுகு வலிக்காமல் இருக்க வேண்டும் என்று கேட்டேன், சமையற்காரருக்கு ஆயுசு கேட்டேன். அந்த ஒன்றைக் கேட்காமலே எழுந்துவிட்டேன்.

அன்புடன்,
சிட்டுவின் அம்மா